பறக்கும் ஊரில் ஒரு சாய்தளம்

நாலு மாடி ஏறி வந்தவர்களுக்கு மூச்சு இரைத்தது. திஹோமிருக்கு அந்தச் சத்தம் கேட்க இனிமையாக இருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருப்பதில் அவனுக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான். வருகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முதல் இரண்டு நிமிடம் வாய் திறக்க முடியாது. நகரசபை அதிகாரியும் அப்படித்தான் நின்றான், வீட்டுக்குப் புனித நீர் தெளிக்க வந்த பாதிரியாரும் அப்படித்தான் நின்றார். இன்றைக்கு ஒப்லாக் கம்பெனியின் டைரக்டர் ரஸ்த்கோ நின்றான், ஒரு கையில் பழப் பையும் மறு கையில் கதவின் பிடியுமாக.

அவனுக்குப் பின்னால் கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவன். அவனுக்கும் பின்னால் லேப்டாப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு க்ஸேனியா என்ற பெண். மூன்று பேரில் சிரமமில்லாமல் ஏறி வந்தவள் அவள் மட்டும்தான். கம்பெனியில் நிஜமாக வேலை செய்கிற ஆள் இவள்தான் என்று திஹோமிர் அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

பையில் ஆரஞ்சும் ஒரு பெட்டி பழரசமும் இருந்தன. நீஷ் நகரத்தில் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப்போகிற சாமான் அது. வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவன் காபித்தூளும் சாக்லேட்டும் வாங்கிப்போவான். இந்த வித்தியாசம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ரஸ்த்கோவுக்கு மூச்சு திரும்பியதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் திஹோமிரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு நெவெங்காவின் பக்கம் திரும்பினான். நெவெங்கா திஹோமிரின் அக்கா. மருந்துக் கடையில் அரை நாள் வேலை, மிச்ச நாள் முழுக்கத் தம்பி.

"இவர் காபி குடிப்பாரா?" என்று அவளிடம் கேட்டான்.

"குடிப்பேன்," என்றான் திஹோமிர். "எழுதப் படிக்கவும் தெரியும். ரெண்டு வருஷத்துல உங்களுக்குப் பதினேழு கடிதம் வந்துச்சே, அது அத்தனையும் நான் எழுதினதுதான்."

கேமராக்காரன் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

அந்தப் பதினேழு கடிதத்திலும் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. திஹோமிருக்கு ஒன்பது வயதில் கால் நின்றுபோனது. தசை கரைகிற வியாதி. இப்போது நாற்பத்தொன்று. கையில் மிச்சம் இருந்தது வலது கட்டைவிரலும், அதற்குத் துணையாக எப்போதாவது ஒத்துழைக்கிற ஆள்காட்டி விரலும். குரல் இருந்தது, கண் இருந்தது. நாக்கு தேவைக்கு அதிகமாகவே இருந்தது என்று நெவெங்கா சொல்வாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மருத்துவக் கமிஷன் அவனைக் கூப்பிட்டு, தசை ஒருவேளை திரும்ப முளைத்துவிட்டதா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும். அந்தச் சோதனை நடப்பதும் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில்தான்.

ஒப்லாக் என்பது கம்ப்யூட்டருக்குள் மேகத்தின் மேல் கட்டியிருக்கிற ஊர். அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே அதற்குள் ஓர் உருவமாகப் போய் நடக்கலாம், பேசலாம், பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் பறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அதன் சதுக்கத்தில் கோலோ நடக்கும். கல்யாணத்தில் கைகோத்து வரிசையாக ஆடுகிற அதே கோலோதான். வியன்னாவில் பஸ் ஓட்டுகிறவன், சிகாகோவில் பல் பிடுங்குகிறவள், ஸ்டாக்ஹோமில் தரை துடைக்கிறவன் என்று ஊரை விட்டுப் போன இருநூறு பேர் அதற்கு வந்துவிடுவார்கள். வரிசையின் தலையில் நிற்கிறவன் கையில் கைக்குட்டை இருக்கும். அவன் வைக்கிற அடிக்குத்தான் மொத்த வரிசையும் அடி வைக்கும். அவன் தப்பினால் இருநூறு பேரும் தப்புவார்கள்.

ஆறு வருடமாக அந்தக் கைக்குட்டை திஹோமிரிடம்தான் இருந்தது. அங்கே அவன் பெயர் கோஷாவா. தென்கிழக்கிலிருந்து வந்து ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்றின் பெயர். கோஷாவா எங்கே இருக்கிறான், என்ன வேலை செய்கிறான், கால் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. கோஷாவாவுக்குத் தாளம் தெரியும், வாய் நீளம், அவ்வளவுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

வாயில் அவனுக்குச் சமமாக நின்றவர் ஒரே ஒருவர். வரிசையின் கடைசியில், வால் பக்கம் ஆடுகிற லியூபிஷா. வியன்னாவில் டிராம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் இவர்கள் இருவரும் மாறி மாறித் திட்டிக்கொள்வதைக் கேட்பதற்கென்றே சிலர் சீக்கிரம் வருவார்கள். லியூபிஷா வாயைத் திறந்தால் நெவெங்கா ஓடிவந்து சத்தத்தைக் குறைப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற டீச்சர் குடியிருந்தாள்.

கட்டைவிரல் களைத்துக்கொண்டு வந்ததால்தான் திஹோமிர் கடிதம் எழுத ஆரம்பித்தான். கண்ணசைவால் உருவத்தை நகர்த்த வழி செய்யுங்கள், அதற்கான சின்னக் கேமரா கடையிலேயே கிடைக்கிறது, உங்கள் பக்கத்தில் கொஞ்சம் வேலை செய்தால் போதும் என்று கேட்டான். பதினேழு முறையும் ஒரே பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று. அதை எழுதியது ஆள்கூட இல்லை, இயந்திரம். பிறகு ஏதோ ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை, இயலாதவர்களுக்கும் இடம் கொடுக்கிற இணைய உலகங்களுக்கு நிதி உண்டு என்று அறிவித்தது. அடுத்த மாதமே ஆரஞ்சுப் பழத்தோடு நாலு மாடி ஏறி வந்துவிட்டார்கள்.

க்ஸேனியா அதிகம் பேசவில்லை. திரைக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு கேமராவை ஒட்டினாள், திஹோமிரின் தலையணையை அவனிடமே கேட்டுச் சரி செய்தாள், சோதனைக்கு வைத்திருந்த தன் உருவத்தைச் சதுக்கத்தில் நிறுத்தினாள்.

"எங்க பாக்குறீங்களோ அங்க போகும். இமைச்சா ஓர் அடி. வேகமா இமைச்சா வேகம். பாருங்க."

திஹோமிர் நீரூற்றைப் பார்த்தான். உருவம் நீரூற்றுக்குப் போனது. இமைத்தான். வலது கால் எடுத்து வைத்தது. மூன்று குட்டி அடி, ஒரு குறுக்கடி, ஒரு துள்ளல் என்று இமைத்தான். அந்தக் குறுக்கடியைக் கட்டைவிரலால் போட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. இப்போது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தது. அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தக் கும்பலுக்கு முன்னால் அதைக் காட்டிக்கொள்வதைவிடக் கேவலம் வேறு இல்லை என்பதால் இருமிச் சமாளித்தான்.

"யார் செஞ்சது இது?" என்று கேட்டான்.

"நான்தான்ணா," என்றாள் க்ஸேனியா.

"நல்லா செஞ்சிருக்க."

அத்தோடு நிறுத்திக் காபி குடித்துவிட்டுப் போயிருந்தால் அவர்களைத் திஹோமிர் ஆயுசுக்கும் வாழ்த்தியிருப்பான். ஆனால் ரஸ்த்கோ இன்னும் தன் பங்கைக் காட்டவில்லை. இவருக்கென்று செய்த உருவத்தைக் காட்டு என்று க்ஸேனியாவிடம் சொன்னான். அவள் எதையோ அழுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

சதுக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. கார் நிறுத்துமிடத்துப் பலகையில் இருக்குமே, அந்த நீலம். அதில் ஓர் உருவம் முதுகை நிமிர்த்தி, முகத்தில் நன்றியோடு உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே ஒரு சின்ன இதயம் மினுக்கியது.

கண்ணசைவு வேண்டுமானால் கமிஷன் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும், பதிவேற்றினால் இந்த உருவம் தானாக வந்துவிடும், வேறு உருவம் எடுக்க முடியாது என்று ரஸ்த்கோ விளக்கினான். விளக்கும்போதே அவன் கண் கலங்கியது. அவனுடைய சொந்த யோசனையாம்.

திஹோமிர் நாற்காலியைச் சக்கரத்திலிருந்து இதயம் வரை பார்த்தான்.

"ஒப்லாக்ல எல்லாரும் பறக்குறாங்களே. இது பறக்குமா?"

ரஸ்த்கோ குரலைத் தாழ்த்தினான். நாற்காலி பறந்தால் அது உண்மையை அவமதிப்பதாக ஆகிவிடும், பல நிபுணர்களோடு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு என்றான். அவர்களில் எத்தனை பேர் நாற்காலியில் இருக்கிறவர்கள் என்று திஹோமிர் கேட்டான். எல்லோருமே நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினோம், ரொம்ப நல்ல ஹோட்டல் என்று பதில் வந்தது. கிண்டல் இல்லை. கிண்டல் செய்கிற அளவுக்கு அவனிடம் சரக்கு கிடையாது.

பறக்க முடியாது என்பதால் நாற்காலிக்காகச் சதுக்கத்து மேடைக்கு ஒரு சாய்தளம் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் திஹோமிர் வாய்விட்டுச் சிரித்தான். நகரசபை வாசலில் இருக்கிற சாய்தளம் அது. படம் எடுத்து, அளவெடுத்து, கைப்பிடியில் உரிந்த பெயிண்ட் உட்பட அப்படியே பெயர்த்து வைத்திருந்தார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் அதன் திறப்பு விழாவுக்குத் திஹோமிரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரிப்பன் வெட்டி முடித்ததும் நாலு தடியர்கள் தள்ளியும் நாற்காலி ஏறவில்லை. பாதியில் கை நழுவிப் பின்னாலேயே உருண்டு வந்து மேயரின் ஷூவில் மோதி நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் சாய்தளத்தில் ஏறியது கேன்டீனுக்குப் போகிற ரொட்டித் தள்ளுவண்டி மட்டும்தான், அதுவும் காலியாக.

"கோலோ ஆடணும்னா?" என்றான் திஹோமிர். "கையைக் கோக்கணுமே."

இதற்கு க்ஸேனியா பதில் சொன்னாள். நாற்காலி நகர வேண்டுமானால் இரண்டு கையும் சக்கரத்தில் இருக்க வேண்டும், கையை எடுத்தால் நின்றுவிடும். அதனால் நகர்ந்துகொண்டே கை கோக்க முடியாது. சொல்லும்போது அவள் காது சிவந்திருந்தது.

ரஸ்த்கோ குறுக்கே புகுந்து, இன்னொரு சிறப்பு அம்சம் உண்டு என்றான். இந்த நாற்காலியை வேறு யாரும் தள்ள முடியாது. நூறு பேர் சேர்ந்து இழுத்தாலும் ஓர் அங்குலம் அசையாது. நிஜ வாழ்க்கையில் கேட்காமலே நாற்காலியைத் தள்ளிவிடுகிறார்கள் என்று எங்கோ கட்டுரையில் படித்தானாம். சுயமரியாதைக்காக வைத்தது.

"கண்ணால நடத்துற வசதி தனி, நாற்காலி தனி. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போட்டீங்க?" என்று திஹோமிர் கேட்டான். "எனக்கு ஆறு வருஷமா ஓர் உருவம் இருக்கு. அதுக்குக் கால் இருக்கு. அதை நகர்த்தக் கண்ணு போதும்."

"புரியுது, புரியுது. ஆனா அறக்கட்டளைக்கு நாம படம் அனுப்பணும் இல்லையா? கால் இருக்கிற உருவத்தை அனுப்பினா, யாருக்கு உதவி பண்ணோம்னு படத்துல எப்படித் தெரியும்?"

இதையும் அவன் நெவெங்காவைப் பார்த்துத்தான் சொன்னான். மே ஆறாம் தேதி, புனித ஜார்ஜ் நாளன்று, சதுக்கத்தில் திறப்பு விழா. திஹோமிர் முதல் ஆளாகச் சாய்தளத்தில் ஏறி மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார்கள்.

திஹோமிர் அவர்களை நன்றியோடு போகச் சொன்னான். எங்கே போவது என்பதையும் குறிப்பிட்டான். இறங்கும்போது ஆரஞ்சைக் கையோடு எடுத்துப்போகும்படி அக்கா சொல்லிவிட்டாள். அவள் தன் வாழ்நாளில் விருந்தாளியிடம் அப்படி நடந்துகொண்டது அதுவே முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலோ உடைந்தது. மூன்றாவது பாட்டில், வேகம் கூடுகிற இடத்தில், கட்டைவிரல் நின்றுவிட்டது. வலி இல்லை. விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மூன்று அடி தப்பியது. வரிசையில் முதல் பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் போய் விழுந்தார்கள், பின்னால் இருந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள்.

"டேய் கோஷாவா, காலையிலேயே பாட்டில் மூடியைத் திறந்துட்டியா? எங்க அப்பன் வெச்சிருந்த கிழட்டு எருது உன்னைவிட ஒழுங்கா அடி வைக்கும்டா," என்று வாலிலிருந்து லியூபிஷா கத்தினார்.

"உங்க அப்பன்கிட்ட எருது ரெண்டு இருந்துச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. ஒண்ணு வியன்னாவுக்கு ஓடிப்போச்சாம்," என்றான் திஹோமிர். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அழுதான்.

அக்கா அவன் முகத்தைத் துடைத்தாள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் நீ வெறுத்துப்போவாய் என்றாள். கைக்குட்டையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு நின்று பேசிக்கொண்டிருந்தால் போதாதா என்றும் கேட்டாள். அவனுக்கு அது போதாது. திங்கள் முதல் சனி வரை அவனைப் புரட்டுகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், ஊட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஞாயிறு நாலு மணிக்கு மட்டும் அவன் அடி வைத்தால் இருநூறு பேர் அடி வைக்கிறார்கள். அதை விட்டுவிட்டு மிச்ச ஆறு நாளை எதற்காகச் சுமப்பது?

"அந்த மடையனுக்குப் போன் போடு," என்றான். "வர்றேன்னு சொல்லு."

மே ஆறாம் தேதி ஞாயிறாகவே அமைந்தது. நாலு மணிக்குச் சதுக்கம் நிரம்பியிருந்தது. கோலோவுக்கு வந்த இருநூறு பேர் ஒரு பக்கம், மேடையில் ரஸ்த்கோவின் உருவம். அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். விழாவுக்கு மதிப்பாக இருக்கட்டும் என்று சாம்பல் நிறப் புறாவின் உருவத்தை எடுத்திருந்தார். மேடையைச் சுற்றி ரிப்பன், பூ, வாழ்த்துப் பலகை. அவசரத்தில் கொண்டுவந்து வைத்த சாய்தளத்தைத் தரையோடு பிணைக்கவில்லை, இரண்டு நாள் கொடுங்கள் என்று க்ஸேனியா கேட்டிருந்தாள். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டான் ரஸ்த்கோ.

நாற்காலியில் கட்டுண்டும் மனம் தளராத ஒரு மாவீரன் நம் நடுவே இருக்கிறார் என்று அவன் தொடங்கினான். பத்து நிமிடம் அதையே திருப்பித் திருப்பி அரைத்தான். உங்கள் எல்லோருக்கும் இவர் ஒரு பாடம் என்றான். பாடம் நீல நாற்காலியில், மண்டைக்கு மேலே இதயம் மினுக்க, சாய்தளத்தின் அடியில் காத்திருந்தது.

திஹோமிர் மேலே பார்த்தான். நாற்காலி ஏறியது, பாதி தூரம் போனது, நின்றது, பின்னாலேயே உருண்டு வந்தது. கம்பெனி உண்மையை மதித்துச் சரிவையும் எடையையும் அப்படியே வைத்திருந்தது. மறுபடியும் ஏறினான், மறுபடியும் உருண்டது. மூன்றாவது தடவை ரஸ்த்கோ மேடையிலிருந்து ஓடிவந்து நாற்காலியைத் தள்ளப் பார்த்தான். அது அசையவில்லை. சுயமரியாதை வைத்தவனே தோளைக் கொடுத்து முக்கியும் ஓர் அங்குலம் நகரவில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு பெண், பாவம், யாராவது உதவுங்களேன் என்றாள்.

நாலாவது தடவை உருண்டு வந்தபோது திஹோமிருக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சாய்தளத்தையும், அதைக் கட்டியவனையும், கட்டியவனைப் பெற்று வளர்த்த மொத்தக் குடும்பத்தையும் சேர்த்து, மூச்சு விடாமல் திட்டினான்.

இருநூறு தலையும் நாற்காலியின் பக்கம் திரும்பின. அந்தக் குரல் எல்லோருக்கும் தெரியும்.

"கோஷாவாவா?" என்று சிகாகோக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா. என்ன இப்போ?"

ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். எல்லோர் குரலும் பஞ்சில் சுற்றியதுபோல் மெத்தென்று ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற குரல் அது. எவ்வளவு தைரியம் என்றார்கள், எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே என்றார்கள். திஹோமிர் வாலின் பக்கம் பார்த்தான். அங்கே ஒருவராவது மனிதராக இருப்பார் என்று நம்பினான்.

லியூபிஷா தொண்டையைச் செருமினார்.

"தம்பி... நீங்க நல்லா இருக்கீங்களா? நான் முன்னாடி ஏதாவது தப்பா பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க பெரிய வீரர்."

ஆறு வருடமாக டேய் என்று கூப்பிட்ட வாய். அது நீங்க என்று சொன்னபோது திஹோமிரின் மேல் முதல் பிடி மண் விழுந்தது. சாய்தளமும் இதயமும் டைரக்டரின் கண்ணீரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. அவற்றையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்க்கிறான், துப்பிவிட்டுப் போக அவனுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. அவனுக்கு இருந்த ஒரே எதிரியை இந்த முட்டாள்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

"பெருசு," என்றான். "ஆறு வருஷமா சாக்கடை ஓடின வாயில இப்ப ஏன் தேன் ஒழுகுது? எனக்குக் காலு போச்சு, சரி. உனக்கு என்ன போச்சு?"

திஹோமிர் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"மணி நாலரை ஆவுது. பாட்டைப் போடுங்க. வரிசையில நில்லுங்க."

கோலோ நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றான் ரஸ்த்கோ. பழக்கம் பெரிய விஷயம். கைக்குட்டை யாரிடம் இருக்கிறதோ அவன் சொன்னால் நிற்க வேண்டும். சிகாகோக்காரி தயங்கித் தயங்கி வந்து நாற்காலியின் இடப்பக்கம் நின்றாள். திஹோமிர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தான். ஒரு கையில் அவனோடு கூடவே வந்த கைக்குட்டை, மறு கையில் அவள் கை. நாற்காலி நின்ற இடத்தில் நின்றது. அவளுக்கு அடுத்து ஸ்டாக்ஹோம்காரன், அவனுக்கு அடுத்து இன்னொருத்தி என்று இருநூறு பேரும் சதுக்கத்தின் விளிம்பு வரை வரிசையாகக் கோத்தார்கள். விளிம்பில், மேகத்தின் ஓரத்தில், லியூபிஷா.

அக்கார்டியன் தொடங்கியது. திஹோமிர் இமைத்தான்.

நாற்காலி அசையாவிட்டாலும், கைக்குட்டைக்காரன் இமைத்த அடியை வரிசை வலப்பக்கம் எடுத்து வைத்தது. வழக்கமாகத் தலையில் இருப்பவன் முன்னால் நகர்ந்து வழி விடுவான். இங்கே தலை நகரவில்லை. நூறு பேர் இழுத்தாலும் நகராது. போக இடமில்லாத வரிசை அவனைச் சுற்றி வளைந்தது, கதவு கீலில் திரும்புகிற மாதிரி. திஹோமிர் அதைப் பார்த்தான். ஒப்லாக் முழுவதிலும் அசையாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதன் மேல் தான்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவனுக்கு விளங்கிய நொடியில், ரொம்ப நாளைக்குப் பிறகு, வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது.

வேகமாக இமைத்தான்.

தலைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஓரடி வைத்தால் நடுவில் இருந்தவர்கள் ஐம்பது அடி ஓட வேண்டியிருந்தது. வாலில் இருந்தவர்களுக்குக் கால் தரையில் படவில்லை. கையை விட்டுவிடலாம், ஆனால் கோலோவில் கையை விடுகிறவன் முகத்தில் ஒரு வருடத்துக்கு யாரும் விழிக்க மாட்டார்கள். யாரும் விடவில்லை. வரிசை பாதிச் சதுக்கத்தைப் பெருக்கிக்கொண்டு வந்தது. முதலில் ரிப்பன் போனது. அடுத்தது வாழ்த்துப் பலகையும் பூவும். பிறகு சாய்தளம், உரிந்த பெயிண்டோடு, தரையில் பிணைக்காத காரணத்தால் அப்படியே கிளம்பி மேகத்தின் ஓரத்தைத் தாண்டிப் போனது. அது தன் ஆயுளில் செய்த முதல் உருப்படியான பயணம். மாவீரனைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்த ரஸ்த்கோவை ஸ்டாக்ஹோம்காரனுக்குப் பின்னால் எழுபதாவது ஆள் இடுப்பில் அள்ளிக்கொண்டு போனான். புறா அம்மாள் மட்டும் சாமர்த்தியமாக எழும்பி, மேலே நின்று வேடிக்கை பார்த்தார்.

திரையின் ஓரத்தில் க்ஸேனியாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்துறாங்கண்ணா, நிறுத்தணுமா என்று. வேண்டாம் என்று அக்காவை எழுதச் சொன்னான். சரி, பட்டன் வேலை செய்யலைன்னு சொல்லிடறேன் என்று பதில் வந்தது. கூடவே, அடுத்த வாரத்துக்குள் கண்ணசைவை நாற்காலியிலிருந்து பிரித்துவிடுவேன், யாரைக் கேட்டும் செய்யப் போவதில்லை, பழைய உருவத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இந்தக் கழுதை நாற்காலியும் இருக்கட்டும்னு எழுதுக்கா," என்றான் திஹோமிர்.

இமைத்தான், இமைத்தான், கண்ணில் நீர் வழிய இமைத்தான். தூரத்தில், மேகத்துக்கு வெளியே, பூட்ஸ் இரண்டும் ஆகாயத்தில் உதைக்க, வட்டத்தின் கடைசிப் புள்ளியாக லியூபிஷா பறந்துகொண்டிருந்தார். முதல் சுற்றில் அவர் சத்தமே இல்லை. இரண்டாவது சுற்றில் ஐயோ என்றார், தம்பி என்றார், கொஞ்சம் நிதானமா என்றார். திஹோமிர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகம் கூட்டினான். மூன்றாவது சுற்றின் பாதியில் அவர் வாய் திறந்தது.

"டேய் கோஷாவா! நாசமாப் போறவனே! நிறுத்துடா, கட்டையில போறவனே! உன்னை நாற்காலியோட தூக்கி மொராவா ஆத்துல போடலைன்னா என் பேரு லியூபிஷா இல்லடா!"

நெவெங்கா வழக்கம்போல் சத்தத்தைக் குறைக்க எழுந்தாள்.

"கூட்டுக்கா," என்றான் திஹோமிர். "டீச்சரும் கேக்கட்டும்."